ஸ்டார்டியூ வேலி: ஓய்வு நேரம் குறைந்தவர்களுக்கான பண்ணை விளையாட்டு

இரவு உணவு முடிந்து, பாத்திரங்களையும் கழுவி வைத்துவிட்டு, தூங்கப் போவதற்கு முன் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை மட்டுமே கணினி விளையாட்டுக்கு ஒதுக்க முடிகிறவர்கள் நம்மிடையே ஏராளமானோர் இருக்கிறோம். விலையுயர்ந்த கணினியோ, முன்பின் தெரியாதவர்களோடு போட்டியிட்டு முதலிடம் பிடிக்கும் ஆசையோ எங்களுக்கு இல்லை. ஆகவே ஒரு விளையாட்டை நான் எடைபோடும்போது படங்களின் துல்லியத்தையும் சண்டைக் காட்சிகளின் வேகத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, எங்கள் நேரத்துக்கு அது மதிப்புக் கொடுக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். அந்த அளவுகோலின்படி, நான் ஆடிப் பார்த்தவற்றில் ஸ்டார்டியூ வேலிக்கு இணையாகச் சொல்லத்தக்கது வேறொன்றும் இல்லை. அதேசமயம், எந்த நேரத்தை அது மதிக்கிறதோ அதே நேரத்தை விழுங்கிவிடக்கூடிய ஓர் ஈர்ப்பும் அதனுள் இருப்பதால், இரண்டையும் சேர்த்தே எழுத விரும்புகிறேன்.

கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் பெரும்பாலான பண்ணை விளையாட்டுகளின் சூத்திரம் நாம் அறிந்ததே. விதை போட்டால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லை என்றால் பணம் கட்டி வைரமோ நாணயமோ வாங்க வேண்டும். இரண்டு நாள் திறக்காவிட்டால் ‘உங்கள் பயிர் உங்களுக்காகக் காத்திருக்கிறது’ என்று அறிவிப்புகள் வந்தபடி இருக்கும். நடுநடுவே முப்பது விநாடி விளம்பரம் ஓடும். 2009இல் ஃபேஸ்புக்கில் அறிமுகமாகி உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோரை ஆட வைத்த ஃபார்ம்வில்லிலும், குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்து அறுவடை செய்யாத பயிர் வாடிப்போகும். அந்த விளையாட்டு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டது. ஆனால் ஆடுபவரின் அன்றாடத்தைத் தன் கடிகாரத்துக்குள் கட்டிப்போடும் அதன் வழிமுறை இன்றைக்கும் கைபேசிகளில் உயிரோடுதான் இருக்கிறது.

ஸ்டார்டியூ வேலியில் இந்த நெருக்கடிகள் எதுவும் இல்லை. ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அதற்குமேல் யாரும் காசு கேட்பதில்லை; விளம்பரம் கிடையாது; இணைய இணைப்புக்கூடத் தேவையில்லை. குழந்தையின் பரீட்சை, உறவினர் வீட்டுத் திருமணம், அலுவலகத்தில் ஆண்டு இறுதிக் கணக்கு என்று மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டுத் திறந்தாலும், விட்ட இடத்தில் விட்டபடியே பண்ணை இருக்கும். ஒரு செடியும் வாடியிருக்காது; ஏன் வரவில்லை என்று ஒரு செய்தியும் நம்மைக் குத்திக்காட்டாது. நடுத்தர வயதில் இருக்கும் எனக்கு இது சின்னச் சலுகையாகத் தோன்றவில்லை. ஒரு பொழுதுபோக்கு அடிப்படையில் காட்ட வேண்டிய நாகரிகம் என்றே தோன்றுகிறது.

இதை உருவாக்கியவர் ஒரே ஒருவர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் மறுபடி சொல்லத்தக்க செய்தி. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த எரிக் பரோன், கணினி அறிவியல் பட்டம் பெற்ற பின் பொருத்தமான வேலை அமையாதிருந்த காலத்தில், நிரல் எழுதும் பயிற்சியாக இதைத் தொடங்கினார். 1996இல் ஜப்பானில் வெளியான ஹார்வெஸ்ட் மூன் என்ற பண்ணை விளையாட்டின் மீது அவருக்குச் சிறு வயது முதலே பற்று இருந்தது. அந்தத் தொடரின் பிற்கால வெளியீடுகளில் தாம் காணாமல் ஏங்கியதைத் தாமே செய்துவிடத் துணிந்தார். நிரல், படங்கள், இசை, உரையாடல் என அனைத்தையும் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தனியாகவே உழைத்து முடித்தார். 2016 பிப்ரவரி 26ஆம் தேதி கணினிக்கு வெளிவந்த இந்த விளையாட்டு, 2024 டிசம்பர் நிலவரப்படி நான்கு கோடியே பத்து இலட்சம் பிரதிகள் விற்றிருக்கிறது. அதற்குப் பின்னும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 2019இல், 2020இல், 2024 மார்ச்சில் என்று பெரும் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து வெளியிட்டார். அவை அத்தனையும் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இலவசம். கூடுதல் உடைக்கும் கூடுதல் வரைபடத்துக்கும் தனித்தனியே விலை வைத்து விற்பதே வழக்கமாகிவிட்ட இந்தத் துறையில், இதைப் பாராட்டாமல் கடந்து போக முடியவில்லை.

கதை எளிமையானது. பெருநிறுவனமொன்றின் தடுப்புகளுக்கு நடுவே கணினி முன் அமர்ந்து சோர்ந்துபோன ஒருவர், தாத்தா இறக்கும் தறுவாயில் கொடுத்த கடிதத்தை ஒரு நாள் பிரித்துப் படிக்கிறார். பெலிகன் டவுன் என்ற சிற்றூரில் தாத்தா விட்டுச் சென்ற பண்ணைக்குக் குடிபெயர்கிறார். அவரே நாம். கையில் 500 காசு, ஊர்த்தலைவர் அன்பளிப்பாகத் தந்த 15 பார்ஸ்னிப் (வெள்ளைக் கேரட் போன்ற கிழங்கு) விதைகள், மண்வெட்டி, கோடரி, பிக்காசு, அரிவாள், ஒரு பூவாளி ஆகியவையே முதலீடு. நிலமோ கல்லும் முள்ளும் களையும் மண்டிக் கிடக்கிறது. அரிவாளை வீசினால் களை சரசரவென்று விழுகிறது. மண்வெட்டி ஒருமுறை இறங்கினால் ஒரு சதுரம் கொத்தப்படுகிறது. விதையைப் போட்டுப் பூவாளியைச் சாய்த்தால் வெளிர் மண் கருத்து ஈரமாகிறது. இந்த ஈர மண்ணின் நிறமாற்றத்தை யாரும் அறிவுரைப் பலகை வைத்துச் சொல்வதில்லை. கண்ணால் பார்த்தே நாம் புரிந்துகொள்கிறோம். அரிவாள் தவிர்த்த கருவிகளை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் நம் தெம்பு சிறிது குறையும். அது தீர்ந்துவிட்டால் எதையாவது சாப்பிட வேண்டும், அல்லது படுத்துவிட வேண்டும்.

இந்த விளையாட்டின் உயிர்நாடி அதன் கடிகாரம். காலை ஆறு மணிக்கு விழிப்பு. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குள் படுக்கைக்குப் போகாவிட்டால் விழுந்த இடத்திலேயே மயங்கிவிடுவோம். விளையாட்டில் பத்து நிமிடம் கழிவதற்கு நம் உலகில் ஏறத்தாழ ஏழு விநாடி ஆகிறது. ஆக, முழு நாள் ஒன்று சுமார் பதினான்கு நிமிடத்தில் முடிகிறது. தனியாக ஆடும்போது பையைத் திறந்தாலோ யாரிடமாவது பேசினாலோ கடிகாரம் நின்றுவிடும். எனவே அடுப்பில் பால் பொங்கும்போது எழுந்து போவதற்கு அச்சப்பட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் மட்டுமே இருக்கிறவர் நிதானமாக நான்கு நாள் வாழ்ந்துவிட்டு எழுந்துவிடலாம். அந்த நான்கு நாளில் ஏதாவது ஒன்று நிச்சயமாக முன்னேறியிருக்கும்.

ஆனால் இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. கணினிப் பதிப்பில் நாம் படுத்துத் தூங்கினால்தான் விளையாட்டு சேமிக்கப்படும். பாதி நாளில் நிறுத்தினால் அன்று காலையிலிருந்து செய்தது அத்தனையும் போய்விடும். தூங்கி எழுந்தாலோ, நேற்று விற்றதற்கான கணக்குப் பட்டியல், முற்றி நிற்கும் காலிஃபிளவர், அஞ்சல் பெட்டியில் ஒரு புதிய கடிதம் என்று அடுத்த நாள் கையைப் பிடித்து இழுக்கிறது. ‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று பலமுறை சொல்லிச் சொல்லியே நள்ளிரவைத் தாண்டியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். பணம் பறிப்பதற்காக வைக்கப்பட்ட பொறி இல்லை இது; நன்றாகப் பின்னப்பட்ட ஆட்டத்தின் இயல்பு என்றே கருதுகிறேன். என்றாலும், வேண்டிய இடத்தில் சேமித்துக்கொள்ளும் வசதியை கணினிக்கும் தந்திருந்தால், பதினொரு மணிக்கு எழ நினைப்பவர் பதினொரு மணிக்கே எழுந்திருக்க முடியும்.

பயிர் செய்யும் பகுதி மேலோட்டமாகப் பார்த்தால் குழந்தை விளையாட்டு. உள்ளே போகப் போகத்தான் கணக்கு புரியும். ஆண்டுக்கு நான்கு பருவம், பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறிய காலையில் அந்தப் பருவத்துக்கு உரியதல்லாத பயிர் முழுவதும் கருகிவிடும். காலிஃபிளவர் விளைய 12 நாள் ஆகும் என்பதால் வசந்தத்தின் 16ஆம் தேதிக்குப் பிறகு அதை நடுவது விதையை வீணாக்குவதாகும். 13ஆம் தேதி நடக்கும் முட்டைத் திருவிழாவில் மட்டும் விற்கப்படும் ஸ்ட்ராபெரி விதையை அன்று இரவே நட்டால், அந்தப் பருவத்துக்குள் இரண்டு முறை பறிக்கலாம். மறுவாரம் என்று தள்ளிப்போட்டால் ஒருமுறைதான், அல்லது அதுவும் இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் விளையாட்டு நமக்குப் பாடமாக நடத்துவதில்லை. சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் பார்த்து, நாமே விரல்விட்டு எண்ணிக் கற்கிறோம்.

2019இல் சேர்க்கப்பட்ட நெல் பயிரை மட்டும் நம்மவர்களுக்காகத் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் விதைநெல்லாக இல்லாமல் நாற்றாகவே கிடைக்கிறது. குளம், ஆறு போன்ற நீர்நிலையிலிருந்து மூன்று கட்டத்துக்குள் நட்டால் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. எட்டு நாளுக்குப் பதில் ஆறு நாளில் விளைகிறது. அரிவாளால் அறுத்து, ஆலையில் போட்டு அரிசியாக்கலாம். அமெரிக்கர் ஒருவர் செய்த விளையாட்டில் நெல்லுக்கும் நீருக்கும் உள்ள உறவு இவ்வளவு சரியாக இடம்பெற்றிருப்பதைப் பார்த்ததும், குளத்தோரம் முழுவதையும் நெல்லுக்கே ஒதுக்கினேன். வருமானம் சொற்பம்தான், ஆனாலும் வேறு பயிர் வைக்க மனம் வரவில்லை. ஆடு, மாடு, கோழி, பன்றி எல்லாம் வளர்க்கலாம். கறிக்காக எதையும் கொல்ல முடியாதபடி விதி அமைந்திருக்கிறது. பால், முட்டை, கம்பளி போன்றவைதான் வருவாய். தினமும் ஒருமுறை தடவிக் கொடுத்தால் அவற்றுக்கு நம் மீது அன்பு கூடி, தரமான பால் கிடைக்கும்.

பண்ணையைவிடவும் என்னைப் பிடித்து வைத்தது ஊர்மக்கள்தான். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், ஒவ்வொருவருக்கும் பிறந்தநாள், பிடித்த பொருள், பிடிக்காத பொருள், மழை நாளுக்கு ஒன்றும் வெயில் நாளுக்கு ஒன்றுமாகத் தனித்தனி நடமாட்டம். பியரின் மளிகைக் கடை புதன்கிழமை விடுமுறை. அதை மறந்து விதை வாங்கப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு பரிசுவரை கொடுத்துப் பழகப் பழக, அவர்கள் வாழ்வின் சிறு சிறு காட்சிகள் திறக்கின்றன. மலையடிவாரத்தில் கூடாரம் போட்டுத் தனியாக வாழும் லைனஸ் என்ற முதியவர், ஓர் இரவு ஊருக்குள் வந்து குப்பைத் தொட்டியைக் கிளறுகிறார். அதைக் கண்டுவிட்ட உணவுக்கடைக்காரர் கஸ், திட்டி விரட்டாமல், பசித்தால் கூச்சப்படாமல் தன்னிடம் கேட்கும்படி சொல்கிறார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் காட்சி. ஆனால் அதன் பிறகு காட்டில் பறிக்கும் பழம் எதுவானாலும் முதலில் அந்தக் கூடாரத்துக்குத்தான் கொண்டுபோகத் தோன்றும்.

இரண்டாம் ஆண்டின் முதல் நாளில் கென்ட் என்ற ராணுவ வீரர் போரிலிருந்து வீடு திரும்புகிறார். அதுவரை அவருடைய மனைவி ஜோடியும் இரு மகன்களும் மட்டும் வாழ்ந்த வீடு அது. மனைவி அடுப்பில் சோளப்பொரி பொரிக்கிறார். பொரி வெடிக்கும் சத்தம் கேட்டுக் கணவர் நிலைகுலைகிறார். தெரியாமல் செய்துவிட்டேனே என்று மனைவி தவிக்கிறார். உருவங்கள் கட்டைவிரல் அளவுப் புள்ளிப் படங்கள். முகபாவனைக்கு ஒரு சிறு சதுரம். அவ்வளவு குறைந்த கருவிகளை வைத்துக்கொண்டு, போர் ஒரு குடும்பத்தின் அடுக்களைவரை வந்துவிடுவதை இப்படிக் காட்ட முடிந்திருக்கிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு எடுக்கப்படும் போர் விளையாட்டுகளை ஆடி முடித்தபோது எனக்குள் தங்காத ஒன்று, இந்தக் காட்சியில் தங்கியது.

இதையொட்டிப் பெற்றோர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படங்களின் வண்ணத்தைப் பார்த்துச் சின்னக் குழந்தைகளுக்கானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஷேன் என்ற இளைஞர் குடிப்பழக்கத்தில் சிக்கியவர். அவருடைய கதையில் தற்கொலை எண்ணம் வெளிப்படையாகவே வருகிறது. ஊரின் இரவுகள் பெரும்பாலும் மதுக்கூடத்தில் கழிகின்றன. பாலைவனப் பகுதியில், விளையாட்டுக் காசைக் கொண்டு சூதாடும் விடுதி ஒன்றும் இருக்கிறது. அங்கே உண்மைப் பணத்துக்கு வேலையில்லை என்றாலும் சூதாட்டம் சூதாட்டமே. ஷேனின் கதை பொறுப்போடும் பரிவோடும் எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவ உதவியை நாடுவதுவரை அது போகிறது. எனவே இதைக் குறையாகச் சொல்லவில்லை. எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது நல்லது என்பதற்காகவே சொல்கிறேன்.

ஊரில் பாழடைந்து கிடக்கும் சமுதாயக் கூடத்தைச் சீர்செய்வதுதான் விளையாட்டின் பெரிய இலக்கு. ஆறு பகுதிகளில் ஒன்றுக்குக் காசும், மற்ற ஐந்துக்கும் வெவ்வேறு பொருள்களும் கேட்கப்படுகின்றன: இந்தப் பருவத்தில் மட்டும் பூக்கும் பூ, மழையில் மட்டும் சிக்கும் மீன், சுரங்கத்தின் அடியில் கிடைக்கும் கல். ஒவ்வொரு பகுதியும் முடியும்போது பசுமைக்குடிலோ, சுரங்க வண்டியோ, பழுதான பேருந்தோ ஊருக்குத் திரும்பக் கிடைக்கிறது. இதற்கு மாற்றாக, ஜோஜா என்ற பெருநிறுவனத்தில் 5,000 காசு கட்டி உறுப்பினரானால், அந்தக் கூடம் அவர்களின் கிடங்காகிவிடும். தேடி அலைய வேண்டிய அனைத்தையும் காசு கொடுத்தே பெற்றுவிடலாம். ஜோஜாவின் கடை புதன்கிழமையும் திறந்திருக்கும். நம் ஊர் மளிகைக் கடைக்காரர்கள் பல்பொருள் அங்காடிகளுக்கு எதிரே படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. விளையாட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்பது தெளிவு. இருந்தாலும் மறுபக்கம் போகிறவரை அது தண்டிப்பதில்லை.

குறைகளில் முதலிடம் மீன்பிடிப்புக்கு. வில்லி என்ற மீனவர் இரண்டாம் நாளே ஒரு மூங்கில் தூண்டிலைத் தந்துவிடுகிறார். தூண்டிலை வீசி, தக்கை மிதப்பதைப் பார்த்துக் காத்திருக்கும் வரை எல்லாம் இனிமை. மீன் கடித்ததும் ஒரு நெட்டைப் பெட்டி திரையில் தோன்றும். அதற்குள் மீன் மேலும் கீழும் ஓடும். பொத்தானை அழுத்தினால் ஏறி, விட்டால் இறங்கும் ஒரு பச்சைப் பட்டைக்குள் அந்த மீனை இருத்தி வைக்க வேண்டும். கெண்டை பரவாயில்லை. கெளுத்தியோ நிற்க இடம் கொடுக்காமல் துள்ளும். பட்டை அடியில் இடித்து எகிறும். பிடித்துவிட்டோம் என்று நினைத்த கணத்தில் நழுவிவிடும். கை வேகம் உள்ள இளைஞருக்கு இது சவால். விரல் மூட்டு வலியுள்ளவருக்கும், விளையாட்டுக்குப் புதிதாக வருகிற அறுபது வயது அம்மாவுக்கும் இது ஒரு மதில். இவ்வளவு அன்பாக ஆக்கப்பட்ட ஒரு விளையாட்டில், மீன்பிடிப்பின் கடினத்தைக் குறைத்துக்கொள்ள அமைப்புகளில் ஒரு வசதிகூட இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். வில்லியின் கடையில் 25 காசுக்குக் கிடைக்கும் பயிற்சித் தூண்டில் பச்சைப் பட்டையைப் பெரிதாக்கித் தருகிறது. ஆனால் அதில் சாதாரண மீன்கள் மட்டுமே சிக்கும். சமுதாயக் கூடம் கேட்பதோ கடினமான மீன்களையும் சேர்த்து.

சுரங்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 120 தளங்கள், ஐந்து தளத்துக்கு ஒரு மின்தூக்கி நிறுத்தம், வௌவாலும் வழவழப்பான பூச்சிகளும் எதிரிகள். சண்டை எளிது, சற்று அலுப்பும்கூட. செம்பும் இரும்பும் தங்கமும் வேண்டும் என்பதற்காகப் போகிறோம், வருகிறோம்.

மூன்றாம் ஆண்டுக்குப் பின் விளையாட்டின் நிறம் மாறுகிறது. தெளிப்பான்கள் தண்ணீர் ஊற்றிவிடுகின்றன. பசுமைக்குடில் முழுவதும் ஒரே பழம். கொட்டகை கொட்டகையாகப் பீப்பாய்களை அடுக்கி அந்தப் பழத்தை ஒயினாக்கி விற்றால் இலட்சக்கணக்கில் காசு சேர்கிறது. இணையத்தில் இதற்கென்றே விரிதாள்களும், பண்ணையைக் கட்டம் கட்டமாகத் திட்டமிடும் கருவிகளும், முதல் ஆண்டிலேயே பத்து இலட்சம் ஈட்டுவது எப்படி என்று விளக்கும் காணொளிகளும் குவிந்துள்ளன. அவற்றை உருவாக்குபவர்களின் உழைப்பையும் அறிவையும் மதிக்கிறேன். சிலருக்கு அந்தக் கணக்கே ஆட்டம். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் முதல் ஆண்டில் அவற்றின் பக்கமே போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அலுவலக வாழ்க்கையை விட்டு விலகி வந்த ஒருவரின் கதை இது. ஒவ்வொரு காலையும் இன்றைய இலக்கு, நேற்றைய உற்பத்தி, ஒரு கட்டத்துக்கான இலாபம் என்று பார்க்கத் தொடங்கினால், விட்டுவந்த அந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்தவராகிவிடுவோம். எந்த மீன் எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் ஆற்றங்கரையில் நிற்கும் அந்த அறியாமை, ஒரே ஒருமுறைதான் வாய்க்கும். அதைத் தேடுபொறியிடம் கொடுத்துவிடுவது பேரிழப்பு.

2018இல் சேர்க்கப்பட்ட கூட்டு ஆட்டம் வேறொரு அனுபவம். நால்வர் வரை ஒரே பண்ணையில் உழைக்கலாம். 2024 புதுப்பிப்புக்குப் பின் கணினியில் எட்டுப் பேர் வரை. வேறு ஊரில் வேலை பார்க்கும் என் தங்கையோடு ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஆடுகிறேன். அவள் கோழிகளைப் பார்த்துக்கொள்வாள், நான் வயலைப் பார்த்துக்கொள்வேன். தொலைபேசியில் ‘சாப்பிட்டாயா’ என்பதற்குமேல் நீளாத பேச்சு, ‘அண்ணா, கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டாயா’ என்று தொடங்கி எங்கெங்கோ போகிறது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கூட்டாக ஆடும்போது பையைத் திறந்தாலும் கடிகாரம் நிற்காது, எல்லோரும் படுத்தால்தான் நாள் முடியும். ஆகவே ஒருவர் பொறுமை இழந்தால் மற்றவருக்கும் ஆட்டம் கெட்டுவிடும். நெருங்கியவர்களோடு மட்டுமே ஆடத் தகுந்தது.

மொழி விஷயத்தில் நமக்கு ஏமாற்றமே. ஜப்பானியம், கொரியம், சீனம், ரஷ்யம், துருக்கியம், ஹங்கேரியம் முதலிய பல மொழிகளில் அதிகாரபூர்வமாகக் கிடைக்கும் இந்த விளையாட்டு, தமிழிலோ வேறு எந்த இந்திய மொழியிலோ இல்லை. ஆங்கிலம் எளிமையானதுதான், ஆனாலும் கடிதங்களும் அந்தரங்கப் பேச்சுகளும் நிறைந்த ஒரு கதையில், மொழி தடுக்கினால் பாதிச் சுவை போய்விடும். உழவைப் பற்றி இவ்வளவு சொற்களை வைத்திருக்கும் தமிழில் இது வந்தால், தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும், திரையைக் கண்டாலே ஒதுங்கிக்கொள்ளும் நம் வீட்டுப் பெரியவர்களும் இதற்குள் வந்துவிடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

வாங்க முடிவு செய்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். அமெரிக்காவில் கணினிப் பதிப்பின் விலை 14.99 டாலர், இந்தியாவில் ஸ்டீம் தளத்தில் அதைவிடக் குறைந்த ரூபாய் விலையில் கிடைக்கிறது, பண்டிகைக் காலத் தள்ளுபடிகளில் மேலும் குறையும். தனி வரைகலை அட்டை இல்லாத பழைய மடிக்கணினியிலும் தங்குதடையின்றி ஓடும். கைபேசிப் பதிப்பும் நேர்த்தியானதே, பேருந்துப் பயணத்துக்கு உகந்ததே. ஆனால் தொடுதிரையில் மீன்பிடிப்பும் சுரங்கச் சண்டையும் இன்னும் கடினமாகின்றன, விரலே பாதித் திரையை மறைக்கிறது. கணினியில், இயன்றால் ஒரு கைப்பிடிக் கட்டுப்பாட்டுக் கருவியோடு ஆடுவதையே பரிந்துரைப்பேன். அமைப்புகளில், கருவி எந்தக் கட்டத்தில் விழும் என்பதைச் சிவப்புச் சதுரமாகக் காட்டும் தேர்வை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பூவாளித் தண்ணீர் பக்கத்துக் கட்டத்துக்குப் போகும். புதிய பண்ணை தொடங்கும் திரையில், முதல் ஆண்டிலேயே சமுதாயக் கூடத்தை முடிக்க வழிசெய்யும் ஒரு தேர்வும் உண்டு. அதைப் போடாமல் தொடங்கினால், கூடம் கேட்கும் சிவப்பு முட்டைக்கோஸுக்கு, அதன் விதை பியரின் கடைக்கு வரும் இரண்டாம் ஆண்டுவரை காத்திருக்க நேரலாம். அவசரம் இல்லாதவர்கள் அப்படியே தொடங்கலாம்.